மாடிக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு நம்பர்

வீடு வீடாகப் போய் வயர்லெஸ் பெட்டிகளுக்கு நம்பர் போட்டுக் கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் உண்டு. என் மாமனார் இன்றுவரை கேட்பதை நிறுத்தவில்லை. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஓசூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். பிராட்பேண்ட் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைய ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு இணைப்பை வாங்கி, அதை எல்லா மாடிக்கும் பிரித்துவிட்டு, 'நெட் வசதியுடன் வீடு வாடகைக்கு' என்று கேட்டில் அட்டை தொங்கவிடுவது வீட்டு ஓனர்களிடம் பரவிய புது மோகம். பிரித்த பிறகு வரும் வம்பைத் தீர்ப்பது எங்கள் பிழைப்பு.

நீங்களும் ஒரு காலத்தில் கையில் வயர் சுருளோடு அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்ற வசனத்தைக் கேட்டவராக இருந்தால், நாம் இருவரும் ஒரே சாதி. உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன், ஆனால் முனிராஜப்பாவின் வீடு ஒன்றே ஒரு ஆயுளுக்குப் போதும் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

எல்லோரும் நம்பர் ஒன்று

முனிராஜப்பா ஒரு வண்டித் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, என்னைத் திட்டுவதற்குத் தமிழ் என்று மொழிகளைப் பிரித்து வைத்திருந்தார். கீழ்த்தளத்தில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மேலே இரண்டு மாடியும் வாடகைக்கு. பெங்களூர் போய், ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று பார்த்து, மாடிக்கு ஒன்றாக மூன்று வயர்லெஸ் பெட்டிகளை வாங்கி வந்திருந்தார். நிபுணர்களை நம்பாதவர் ஆகையால் தானே சுவரைத் துளைத்து, தானே வயர் இழுத்து, மாடிக்கு மாடி வாசலுக்கு வெளியே, படிக்கட்டுச் சுவரில் தானே பொருத்திவிட்டார். எல்லாப் பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. நெட் மட்டும் எந்த மாடியிலும் வரவில்லை.

போய்ப் பார்த்தால் காரணம் எளிது. அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் கம்பெனியிலிருந்து வரும்போதே தனக்குள் ஒரு ஐபி நம்பரை வைத்துக்கொண்டு வரும். மூன்றும் ஒரே மாடல் என்பதால் மூன்றுக்கும் ஒரே நம்பர். போதாக்குறைக்குக் கீழே இருந்த மோடத்துக்கும் அதே நம்பர். நாலு பேரும் "நான்தான் ஒன்று" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு தெருவில் நாலு வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வாரோ, அதையே கம்ப்யூட்டர்களும் செய்தன. அதாவது, ஒன்றும் செய்யவில்லை.

மோடத்தின் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, பெட்டிகளுக்குக் கீழிருந்து மேலாகப் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று மாறாத நம்பர்களாகப் போட்டேன். வீடு முழுக்க நெட் வந்தது. முனிராஜப்பாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒன்றாக வாங்கி வந்த பெட்டிகளை நான் வெவ்வேறாக ஆக்கிவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏனப்பா, மூணும் ஒண்ணே மாதிரி இருந்தா அதுக்குப் பேருதான் குவாலிட்டி. நாங்க அதுக்குத்தான் வருஷக்கணக்கா உயிர விட்டோம்."

முதல் மாடி

முதல் மாடியில் கோமதி என்ற பெண் குடியிருந்தாள். அம்பாசமுத்திரத்துக்காரி. கணவன் சிப்காட்டில் வாராவாரம் மாறும் ஷிஃப்ட்டில் வேலை பார்த்தான். இடுப்பில் இசக்கி என்று ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. நான் போன முதல் நாளே அந்தக் குழந்தை என் ஸ்க்ரூ டிரைவரைப் பறித்து வாயில் வைத்துக்கொண்டு, எங்கள் உறவை நிலைநாட்டிவிட்டது.

கோமதிக்கு நெட் பொழுதுபோக்கு அல்ல. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்தில் அடித்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பு பெங்களூர் ஆபீஸில் செய்தாள். குழந்தை பிறந்த பிறகு, கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதுவரை ஃபைல்கள் நேரத்துக்குப் போனால் வீட்டிலிருந்தே தொடரலாம். அடிக்கடி தாமதமானால் ஆபீஸுக்குத் திரும்பி வர வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி, பஸ் மாறி, போக வர அரை நாள் ஓடிவிடும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? வேலையை விடலாம் என்றால், கணவன் இன்னும் டிரெய்னி சம்பளத்தில் இருந்தான்.

இதையெல்லாம் அவள் அழுது சொல்லவில்லை. குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டே, காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "நெட்டு நின்னா எனக்கு வேலை நிக்காதுண்ணே. புள்ளதான் ஊருக்குப் போவணும். அவ அங்க எங்க அம்மாவ அம்மான்னு கூப்பிடுவா, என்னய யாருன்னு கேப்பா."

பர்மனன்ட்

இரண்டாம் மாடியில் குமரேசன் இருந்தான். நாகரசம்பட்டிப் பையன். அவனும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, மாறி மாறி ஷிஃப்ட் போய்க்கொண்டு, மாறி மாறிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமரேசன் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆள்.

இந்த ஐபி நம்பர் என்றால் என்ன என்று அவன் கேட்டான். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் அபூர்வம் என்பதால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டருக்கெல்லாம் மோடம் ஒரு நம்பர் கொடுக்கும், அது அன்றன்றைக்கு மாறும். முதலில் வந்தவனுக்கு ஒன்று, அடுத்து வந்தவனுக்கு இன்னொன்று. காலையில் தொழிற்சாலை கேட்டில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டோக்கன் கொடுக்கிற மாதிரி. ஆனால் இந்தப் பெட்டி வழிகாட்டுகிற பெட்டி; இதன் நம்பர் தினம் மாறினால் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியாது; ஆகவே இதற்கு மட்டும் பர்மனன்ட் ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி நிலையான நம்பர். இவ்வளவு அழகாக விளக்கியதற்கு ஒரு டீயாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

குமரேசன் அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்தான். "நானும் நாலு வருஷமா அந்தக் கேட்டு முன்னாடிதான்ணா நிக்கறேன். இந்த டப்பா வந்து ஒரு வாரங்கூட ஆவல, அதுக்குள்ள பர்மனன்ட் ஆயிடுச்சு."

சனிக்கிழமை வியாதி

ஒரு வாரம் ஓடியது. சனிக்கிழமை காலை கோமதியிடமிருந்து போன். "அண்ணே, போயிட்டு." நெட் போய்விட்டது என்பதை அந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு சுருக்கமாகச் சொல்வார்கள். போய்ப் பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று ஒன்றையும் காணோம். மூன்று பெட்டியும் பழையபடி "நான்தான் ஒன்று" என்று உட்கார்ந்திருந்தன. மறுபடி நம்பர் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போன். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அது மின்வெட்டுக் காலம் என்பதால் முதல் பழியைக் கரண்ட் மேல் போட்டேன். மூன்று ஃபேஸ் லைனில் ஒன்றில் கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் ஓடிப்போய் சுவிட்சை அடுத்த ஃபேஸுக்குத் திருப்புவார்கள். அந்த ஆட்டத்தில் பெட்டி நினைவு தப்பியிருக்கலாம் என்று ஒரு சித்தாந்தம் செய்தேன். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் கரண்ட் எல்லாக் கிழமையும் போனது, நம்பர் சனிக்கிழமை மட்டும் போனது. வெள்ளிக்கிழமை அமெரிக்க டாக்டர்கள் பேசித் தீர்த்ததெல்லாம் இங்கே சனிக்கிழமை காலையில்தான் வந்து விழும். வாரத்திலேயே கோமதிக்கு வேலை அதிகமான நாள் அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ஃபைல் தாமதம், கம்பெனியிலிருந்து ஒரு மெயில்.

எனக்கு அவமானமாக இருந்தது. போட்ட நம்பர் ஒரு வாரம் நிற்கவில்லை என்றால் நான் என்ன வேலைக்காரன்? கடை முதலாளியிடம் போய்ப் புலம்பினேன், அனுபவசாலி, ஏதாவது வழி சொல்வார் என்று. அவர் கால்குலேட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "வாரா வாரம் கூப்பிடறாங்களா? நல்ல கஸ்டமர்பா. எதையாவது பண்ணிச் சரிபண்ணித் தொலைச்சிடாதே."

ஊசி

அடுத்த சனிக்கிழமை போன் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். கேட்டைத் திறக்கும்போதே ஊதுபத்தியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. முனிராஜப்பா பழைய காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் துணியோடு, ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். வாரம் ஒரு முறை வீட்டிலுள்ள எல்லா எந்திரங்களுக்கும் அவர் மெயின்டனன்ஸ் செய்வாராம். தண்ணீர் மோட்டாருக்கு கிரீஸ். தையல் எந்திரத்துக்கு எண்ணெய். மாடிப்படிக் கதவுக் கீலுக்கு மண்ணெண்ணெய். பிறகு வயர்லெஸ் பெட்டி. அதைத் துடைத்து, பின்பக்கம் இருந்த சின்ன ஓட்டையில் சட்டையில் குத்தியிருந்த ஊக்கின் ஊசியை நுழைத்து, எல்லா விளக்கும் அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அந்த ஓட்டையை அவ்வளவு சின்னதாக வைக்கிறார்கள். அதில் ஊசி விட்டால், பெட்டிக்குள் நாம் போட்டதெல்லாம் அழிந்து, கம்பெனியில் செய்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். இதை நான் பதறிப்போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. அவருக்கு அது தெரியும். பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு, தெரிந்தேதான் செய்தார். தொழிற்சாலையில் ஆபரேட்டர்கள் ஷிஃப்ட் முழுக்கத் தங்கள் வசதிக்கு செட்டிங்கைத் திருகி வைத்துவிட்டுப் போவார்களாம். அதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் அவர் பணிக்காலம் முழுக்கச் செய்த வேலை. ஆக, என் பன்னிரண்டும் பதிமூன்றும் அவர் பார்வையில் எவனோ ஒரு ஆபரேட்டர் செய்த திருட்டுத்தனம்.

ஸ்டூலிலிருந்து இறங்காமலே எனக்குப் பாடம் எடுத்தார்: "கம்பெனி வெச்ச செட்டிங்க மாத்தறவன் ஆபரேட்டர். அத திருப்பி வெக்கறவன் மெயின்டனன்ஸ். நீ யாருன்னு நீயே யோசிச்சுக்கோ."

டேப்

சண்டை போட்டேன். கெஞ்சினேன். மேலே ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் மனமிரங்கி, "பாவம் அந்தப் பொண்ணு" என்றார். இனி செய்யமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. பெட்டிக்குள் பாஸ்வேர்டு போட்டுவைத்தேன். ஊசி பாஸ்வேர்டு கேட்பதில்லை. கடைசியில் மூளையைக் கசக்கி, மூன்று பெட்டியிலும் அந்த ஓட்டையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஒட்டிவிட்டு, ஜெயித்த களிப்போடு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை போன் வந்தது. போய்ப் பார்த்தால் டேப் அழகாக உரிக்கப்பட்டு, ஒட்டிய பசைகூட மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்கப்பட்டிருந்தது. உரித்த டேப்பை உருட்டி எனக்காகவே ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார். "டேப் ஒட்டி ஓட்டற மெஷின் ஆடிட்ல நிக்காதுப்பா. உங்க கடையில இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

எந்திரங்களுக்கு லீவு

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அது எவ்வளவு பெரிய பண்டிகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் எந்திரங்களை நிறுத்தி, கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். முனிராஜப்பா வீட்டிலும் அதே முறை. வயர்லெஸ் பெட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம், தலைக்கு ஒரு முழம் சாமந்தி. அதோடு விட்டிருந்தால் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன். பூஜை போட்ட எந்திரத்தை அன்றைக்கு ஓட்டக்கூடாது என்று மோடம் முதற்கொண்டு எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்துவிட்டார்.

கோமதி படியிறங்கி வந்து கேட்டுப் பார்த்தாள். அவர் மனைவியும் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் கோமதியின் சிபியூவைத் தூக்கி என் மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பின்னாலேயே அவள் ஆட்டோவில் குழந்தையோடு வந்தாள். முதலாளி சாம்பிராணிப் புகைக்கு நடுவில் பாதி ஷட்டரைத் திறந்துவிட்டார். ஃபைல் போய்ச் சேர்ந்தது, ஆனால் தாமதமாகத்தான். சாயங்காலமே கம்பெனி மெயில் அனுப்பிவிட்டது: இன்னும் ஒரே ஒரு ஃபைல் தாமதமானால் தீபாவளி வரைக்கும் காத்திருக்க மாட்டோம், ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். கோமதி அதை எனக்குப் படித்துக் காட்டினாள். இசக்கி கடைத்தரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

சிபியூவைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தபோது முனிராஜப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அமெரிக்காவில் இன்றைக்கு வேலை நாள் என்பதையும் சேர்த்து. அவர் சுண்டல் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அவன் ஆயுத பூஜை கும்பிடலன்னா அது அவன் தப்பு. அதுக்கு நான் மெஷின ஓட்டணுமா?"

உத்தனப்பள்ளியிலிருந்து

அடுத்த சனிக்கிழமை முனிராஜப்பா வீட்டு வாசலிலேயே காவல் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். முதலாளி என்னை உத்தனப்பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அங்கே தோட்டக்காரர் ஒருவர், தன் வீட்டு நெட் கிணற்றடி வரை வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். நான் அவர் வீட்டு மாடியில் நிற்கும்போது போன் அடித்தது. எடுப்பதற்கு முன்பே யாரென்று தெரியும்.

"அண்ணே, போயிட்டு. ஃபைல் கையில இருக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல போவணும்."

நான் மொபெட்டில் ஓசூர் போய்ச் சேரவே அந்த நேரம் சரியாகிவிடும். போனிலேயே சொல்லித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். முதலில் குமரேசனை எழுப்பி அவன் பெட்டியின் வயரைப் பிடுங்கச் சொல், பிறகு கீழ்ப்பெட்டி, பிறகு உன் பெட்டியை மட்டும் தனியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி, என்று நான் சொல்லிக்கொண்டே போக, அந்தப் பக்கம் தடதடவென்று கீ தட்டும் சத்தம் கேட்டது. எத்தனை சனிக்கிழமை என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். எனக்குப் படபடப்பு தாங்கவில்லை. நான் சொல்வதைக் கேளு, அவசரப்படாதே, பன்னிரண்டு போடு என்று கத்தினேன். தோட்டக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கோமதி நிதானமாகத்தான் இருந்தாள். "அண்ணே, பன்னெண்டு போட்டாச்சு, ஃபைலும் போய்க்கிட்டு இருக்கு. நீங்க கத்தாம வண்டிய ஓட்டிக்கிட்டு வாங்க."

சிவப்பு அட்டை

நான் போய்ச் சேர்ந்தபோது ஃபைல் நேரத்துக்குப் போய்விட்டிருந்தது. கோமதி இசக்கியின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். அவளிடம் காட்ட முடியாத படபடப்பை நான் முனிராஜப்பாவிடம் காட்டினேன். வயதுக்கு மரியாதை தராமல் பேசினேன் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த குமரேசன் லுங்கியோடு படியிறங்கி வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே என்னைத் தனியாக இழுத்துப்போனான். "ண்ணா, அவருகிட்ட போயி நெட்டு நெட்டுன்னு பேசிக்கினு இருக்கிறீங்க. மெயின்டனன்ஸ் பாஷையில சொன்னாத்தான் அவருக்கு ஏறும்."

மறுநாள் காலை அவன் மூன்று சிவப்பு அட்டைகளைக் கொண்டுவந்தான். தொழிற்சாலையில் எந்திரத்தைப் பிரித்து ஆள் உள்ளே இறங்கி வேலை செய்யும்போது அதன் சுவிட்சில் மாட்டுகிற அட்டை. ஓரம் கிழிந்ததால் கழித்துப்போட்டவை. 'இயக்காதே. ஆள் வேலையில் இருக்கிறார்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, கீழே பெயர் எழுதக் கோடு விட்டிருந்தது. கோமதி மூன்றிலும் தன் பெயரை எழுதி, பெட்டிக்கு ஒன்றாகக் கட்டினாள். கீழ்த்தளத்துப் பெட்டியில் அவள் கட்டும்போது முனிராஜப்பா பக்கத்திலேயே நின்றார். இவரிடம் ஒரு துண்டு அட்டையா பலிக்கும் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அட்டையைக் கழற்றக் கையை நீட்டியவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு நீட்டியிருந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர்கள் தொழிற்சாலையில் ஒருவன் தகடு அழுத்தும் பிரெஸ்ஸுக்குள் கையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, இன்னொருவன் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டானாம். அந்தக் கை போய்விட்டது. அப்போது அட்டை கிடையாது. அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றிலிருந்து அடுத்தவன் பெயர் எழுதின அட்டை தொங்கும் எந்திரத்தை அவர் விரலால்கூடத் தொட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு கோமதியைப் பார்த்துக் கேட்டார், "நிஜமாவே நீ உள்ள இருக்கியாம்மா?"

நக்கலாக எழுத இந்த இடத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. கோமதி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஆமாய்யா. நானும் எம் புள்ளையும் அதுக்குள்ளதான் இருக்கோம்."

படிக்கட்டு

அடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று நானே கோமதிக்கு அடித்துப் பார்த்தேன். முனிராஜப்பா மோட்டாருக்குக் கிரீஸ் போட்டார், கீலுக்கு மண்ணெண்ணெய் விட்டார், பெட்டிகளைக் கடக்கும்போது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார் என்று அவள் சொன்னாள். தீபாவளிக்கு மறுநாள் கம்பெனி மெயில் வந்தது: வீட்டிலிருந்தே செய்யலாம், தேதி வரம்பு எதுவும் இல்லை. கோமதி இனிப்பு டப்பாவோடு கடைக்கு வந்தாள். முதலாளி மைசூர்பாகைத் தின்றுகொண்டே, ஒரு நல்ல கஸ்டமரை நான் அநியாயமாகக் கெடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார்.

பொங்கல் கழிந்து அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போக வேண்டி வந்தது. மோடத்தை மாற்றியிருந்தார்கள், அதோடு ஒத்துப்போகிறதா என்று மூன்று பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உரிமையோடு படியேறினேன். முனிராஜப்பா குறுக்கே வந்து நின்றார். கோமதி குழந்தைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகவும், அவள் வந்து அட்டையைக் கழற்றும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்றும் சொன்னார். இந்தப் பெட்டிக்கு முதன்முதலில் நம்பர் போட்டதே நான்தான் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து போட்டதும் நான்தான் என்றேன். அதெல்லாம் எனக்குத் தெரியும் என்று தலையாட்டினார்.

வேறு வழியில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் காபி. வெயில் ஏறியது. நாலைந்து வீடு பாக்கி இருக்கிறது என்று கடையிலிருந்து முதலாளி போன் மேல் போன் போட்டார். கடைசியாக ஒரு முறை கெஞ்சிப் பார்த்தேன், ஒரே நிமிடம், திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன் என்று. முனிராஜப்பா பக்கத்துப் படியில் உட்கார்ந்து, சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்: "நம்பர் போட்டது நீயா இருக்கலாம்பா. அட்டையில உம் பேரு இல்லையே."

ஆக, வாசகர்களே, ஓசூரில் எந்த வீட்டுப் பெட்டிக்கு நான் அசையாத நம்பர் போட்டேனோ இல்லையோ, முனிராஜப்பா வீட்டுப் படிக்கட்டில் எனக்கு ஒரு நிலையான இடம் கிடைத்துவிட்டது.